தெரிவும் கடனும்: பிள்ளைகளின் பள்ளித் தேர்வு குறித்த ஓர் அறவியல் நோக்கு

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்னும் வினா பெரும்பாலும் பொருளியல் வினாவாகவே பேசப்படுகிறது. கட்டணம், தொலைவு, பயிற்றுமொழி, தேர்ச்சி விழுக்காடு ஆகியன ஒப்பிடப்பட்டு முடிவு எட்டப்படுகிறது. இதனுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. கருவூலத்திலிருந்து ஊதியம் பெறும் ஒருவர், அதே கருவூலத்தால் நடைபெறும் பள்ளி ஊரார் பிள்ளைகளுக்குப் போதும், தம் பிள்ளைக்குப் போதாது எனக் கருதலாமா? அவ்வினாவைப் புறநானூறு, குறளுரை, இந்தியச் சட்டம் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. கட்டுரையாளர் இதில் நடுநிலையாளர் அல்லர் என்பதை முதற்கண் கூறிவிடுதல் முறை. தில்லியில் தமிழ் பயிற்றும் பணியிலுள்ள என் மகள் தனியார் பள்ளியில் முதல் வகுப்புப் பயில்கிறாள்.

தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவர்க்கும் கடன் வகுக்கும் பொன்முடியாரின் பாடல் (புறம். 312) தமிழ்க் கல்விச் சிந்தனையில் மிகுதியும் எடுத்தாளப்படுவது. பெற்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், நல்லொழுக்கம் அளித்தல் வேந்தனுக்கும் கடன்களாக அங்கே கூறப்படுகின்றன. போர்க்களச் சூழலில் அமைந்த அப்பாட்டில் சான்றோன் என்பது வீரனையே குறிக்கும் என்பதை மறந்து, இன்றைய பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் அதனைப் பொதுக் கல்விக்கு உரியதாக்கிப் பேசுகின்றனர். (சேர்க்கை விண்ணப்பத்திற்காக வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் தாயே என்பதால், பெண்பாற் புலவர் வகுத்த இப்பங்கீடு தில்லியில் சற்று மாறியுள்ளது எனலாம்.) எனினும் பாடலின் அமைப்பு நம் ஆய்வுக்குப் பயன்படுகிறது. ஒரு மகனை உருவாக்குதல் எவர் ஒருவர் கையிலும் முழுமையாக இல்லை. தந்தையின் கடனை வேந்தன் ஏற்பதில்லை. வேந்தனின் கடனைத் தந்தை விலைகொடுத்து வாங்குவதும் இல்லை. அரசு தன் பங்கைச் சரிவரச் செய்யாதவிடத்துத் தந்தை என் செய்வது என்பதைப் பாடல் கூறவில்லை. நம் வினா அங்கேதான் தொடங்குகிறது.

மக்கட்பேறு அதிகாரத்தில் இதற்கு இன்னும் நெருங்கிய குறள் ஒன்று உண்டு (68). மக்களின் அறிவுடைமை பெற்றோரினும் உலகத்து உயிர்க்கெல்லாம் இனிது என்பது அதன் கருத்து. கல்வியின் பயன் வீட்டுக்கு வெளியே வைக்கப்படுவது கருதத்தக்கது. ஆயின் பரிமேலழகர், மன்னுயிர் என்றது ஈண்டு அறிவுடையாரைக் குறித்தது என உரைக்கிறார். அறிவுடைமை கண்டு இன்புறுதற்கு உரியவர் அவரே என்பது அவர் காட்டும் ஏது. தருக்க முறையில் அவ்வுரையைக் குறை கூறுவது எளிதன்று. ஆயினும் அனைத்துயிர் என விரிந்த சொல், உரையில் கற்றோர் அவை எனச் சுருங்கிவிடுகிறது. பள்ளித் தேர்வில் நாம் செய்வதும் இத்தகைய சுருக்கமே என எனக்குத் தோன்றுகிறது. அனைவர்க்கும் உரிய நன்மை எனத் தொடங்கி, நம்மையொத்த குடும்பத்துப் பிள்ளைகள் சூழ்ந்த வகுப்பறையில் முடிக்கிறோம்.

பெற்றோர் தம் பிள்ளைக்குத் தனிச்சலுகை காட்டுவது குற்றமா? அன்று. அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் தன் பிள்ளைக்கும் ஒரே அளவு கதை சொல்லும் தாயை நாம் போற்றமாட்டோம், ஐயுறுவோம். ஆங்கில மெய்யியலாளர் ஆடம் ஸ்விஃப்ட் 2003இல் வெளியிட்ட, பள்ளித் தேர்வு குறித்த நூலில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்துகிறார். பிள்ளைக்குப் போதிய கல்வி கிடைக்கச் செய்வது வேறு. பிறர் பிள்ளைகளை முந்தும் வாய்ப்பைப் பெற்றுத்தருவது வேறு. முன்னையதற்காகத் தனியார் பள்ளியை நாடுவோரைக் குறைகூற இயலாது. பின்னையதற்குப் பெற்றோர் அன்பு என்னும் காரணம் போதாது; ஒருவர் முந்துவது மற்றவர் பிந்துவதாலேயே நிகழ்கிறது. இவ்வேறுபாடு தெளிவானது. நடைமுறையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் இடந்தருவது. முந்தும் விருப்பத்தைப் போதாமையின் பெயரால் கூறிக்கொள்ளலாம்.

என் செய்தியையே சான்றாகக் கொள்கிறேன். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மாநகராட்சித் தொடக்கப்பள்ளி ஒன்று உண்டு. அங்கே இரு வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியை இருப்பதைக் கண்டேன். பயிற்றுமொழி இந்தி. இவ்விரண்டையும் காரணமாகக் காட்டினேன். முதற்காரணம் மெய்யானது. இரண்டாவதைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் நிற்பதில்லை. நான் தெரிந்த பள்ளியிலும் தமிழ் இல்லை; ஆங்கிலமே உண்டு. தாய்மொழியை முன்னிட்டு நான் முடிவெடுத்திருந்தால், 1923 முதல் தலைநகரில் தமிழர் நடத்திவரும், அரசு உதவி பெறும் ஏழு தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். தொலைவு எனக் கூறி விலக்கினேன். இப்போதைய பள்ளிக்கும் பேருந்தில் முக்கால் மணி நேரம் ஆகிறது.

நான் பயின்றது தமிழகத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. என் தந்தையார் அரசுப் பள்ளியைத் தெரிந்தார் எனப் பலகாலும் பெருமையாகக் கூறியிருக்கிறேன். அது பிழை. அவர்க்குத் தெரிவே இருக்கவில்லை. தெரிவு இல்லாதவிடத்து அறவினாவும் எழுவதில்லை. பணம் வந்த தலைமுறைக்கே அது எழுகிறது.

தனியொருவர் விலகுவதால் அரசுப் பள்ளிக்கு என்ன குறை எனக் கேட்கலாம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை உண்டு. தரம் குறையும்போது முதலில் வெளியேறுவோர், தரத்தைப் பற்றி மிகுந்த அக்கறையுடையோரே. அவர்கள் தங்கியிருந்தால் குறையை உரக்கக் கூறியிருப்பர். எனவே நிறுவனம் தன் கூர்மையான குரல்களையே முதலில் இழக்கிறது. இந்தியச் சட்டம் இவ்விழப்பை மேலும் உறுதிசெய்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி (2009), அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளி மாணவரின் பெற்றோராக இருத்தல் வேண்டும். சரியான விதியே. ஆயின் பிள்ளையை விலக்கிக்கொண்டவர் அவ்விருக்கையையும் விலக்கிக்கொள்கிறார்.

அங்ஙனமாயின் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தலாமா? 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. உத்தரப்பிரதேசத்தில் அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியம் பெறுவோர், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் ஆகியோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சேர்க்க வழிசெய்யுமாறு தலைமைச் செயலர்க்கு ஆணை பிறந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. அவ்வாணையின் உள்ளுணர்வு எனக்கு உடன்பாடானது. உண்பவர் சமையற்கட்டைக் கவனிப்பார் என்பதே அது. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பள்ளியைத் திருத்தும் கருவியாகப் பிள்ளை அங்கே அனுப்பப்படுகிறது. கொள்கை பெற்றோருடையது, கழியும் ஆண்டுகள் பிள்ளையுடையவை. தன்னலம் கருதி அனுப்புவதற்குச் சட்டம் வழிவகுக்கும்போது இவ்விடர் குறைகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் 2020ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் அத்தகையது. அதனால் அரசுப் பள்ளியை நாடுவோரிடம் அறம் உண்டா எனக் கேட்பது வீண்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வேறு வழியை நாடிற்று. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு அளிக்க வேண்டும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளிக் கட்டணம் ஆகிய இரண்டில் குறைந்ததைப் பள்ளிக்கு ஈடுசெய்யும். 2012இல் உச்சநீதிமன்றம் இப்பிரிவை ஏற்றது. அரசு உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. இதனால் பயன்பெற்ற பிள்ளைகள் உளர். என் மகளின் வகுப்பிலும் உளர். அவர்களுள் ஒருத்தியே அவளுடைய நெருங்கிய தோழி. ஆயினும் இவ்விதி அரசின் வாய்மொழியாகவே ஒன்றை ஒப்புக்கொள்கிறது: ஏழைப் பிள்ளைக்குச் செய்யத்தக்க நன்மை, அதனைத் தன் பள்ளியிலிருந்து வெளியே அனுப்புவது. 1964–66இல் கோத்தாரிக் குழு பரிந்துரைத்த அண்மைப் பள்ளி முறை, ஒரு தெருவின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குச் செல்வதாகும். 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் பொதுப்பள்ளி முறையை ஏற்றது. இன்று நால்வருள் ஒருவர் நம்மிடம் வரலாம் என்ற அளவில் நிற்கிறோம்.

விலகியவர்க்குக் கடன் எஞ்சுகிறதா என்பதே இறுதி வினா. கட்டணம் செலுத்தியதால் வரி செலுத்தும் கடன் தீராதது போலவே, பிள்ளையை வேறிடத்தில் சேர்த்ததால் அண்மைப் பள்ளியின்பால் உள்ள கடனும் தீர்வதில்லை என்பது என் துணிபு. அது இரக்கத்தின்பாற்பட்ட கொடை அன்று. விலகலால் நேர்ந்த இழப்பில் நம் பங்கு. குரலை எடுத்துச் சென்றவர் அதனைத் திரும்பக் கொணர்தல் வேண்டும். எவ்வாறு என்பது எளிதாக இல்லை.

சென்ற ஆண்டு முற்கூறிய மாநகராட்சிப் பள்ளியின் குழுக் கூட்டத்திற்கு அழைப்பாளராகச் சென்றேன். ஆசிரியர் பணியிடத்தை நிரப்பக் கோரும் விண்ணப்பத்தை எழுதித் தருவது என் வேலை. அதனைப் படித்துக் காட்டியபின், எதிரில் அமர்ந்திருந்த தாய் ஒருவர், “நன்றாக எழுதியிருக்கிறீர்கள், மேடம். உங்கள் பிள்ளை எந்த வகுப்பு?” என இந்தியில் கேட்டார். முதல் வகுப்பு என்றேன். எந்தப் பிரிவு என்று அவர் கேட்டபோது, இப்பள்ளியில் இல்லை எனக் கூற வேண்டியதாயிற்று. அவர் தலையசைத்துவிட்டு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்.