தினசரியும் ஆத்தும சோதனையும்



காலையில் பால் காய்வதற்குள் தினசரியை விரித்துவிடுகிற வழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு. அது குற்றமல்ல. ஆனால் தலைப்புகளை எப்படி வாசிக்கிறோம் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். ஒன்றைக் கண்டு சிரிக்கிறோம், இன்னொன்றைக் கண்டு "சீ, என்ன மனிதர்கள்!" என்கிறோம்; பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறோம். தேவாலயத்தில் முன்னே நின்று, தான் மற்ற மனிதரைப் போல் அல்லவென்று சர்வேசுரனுக்கு நன்றி சொன்ன பரிசேயனை நாம் அறிவோம். தினமும் காலையில் நாம் செய்வது அவனுடைய ஜெபந்தான், கையில் பத்திரிகை இருப்பதுதான் வித்தியாசம்.

தண்ணீரைப் பற்றி வந்த சில செய்திகளை மட்டும் பார்ப்போம்.

2017 ஏப்ரலில் ஓர் அமைச்சர் அதிகாரிகளோடு வைகை அணைக்குப் போனார். தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடாதபடி தெர்மாகோல் அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி மிதக்கவிட்டார். காற்று அடித்தது. அட்டைகள் சற்று நேரத்திற்குள் கரைக்கு வந்து சேர்ந்தன. நாடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்?

சிரித்து முடித்தபின் நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு இருக்கவேண்டுமென்று நம் மாநிலத்தில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து குழாய் வைத்தோம், குழி தோண்டினோம். அந்தக் குழி இப்போது என்ன நிலையில் இருக்கிறது? சில வீடுகளில் மண் மூடிவிட்டது. சில வீடுகளில் அதன்மேல் சிமெண்டு பூசி ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறோம். தெர்மாகோலைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நம் குழியைப் படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை. அதனால்தான் நாம் தலைநிமிர்ந்து நடக்கிறோம்.

அடுத்த செய்தி நம் வாசலிலே நடந்தது. 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு, பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் நிறையவில்லை. 2019 கோடையில் அதே ஏரி வெடித்த களிமண்ணாய்க் கிடந்தது. அவ்வருஷம் ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்துதான் போயிற்று. கடலுக்கு ஓடவிட்ட தண்ணீருக்குப் பதிலாக வேறு தண்ணீரை ரயில் வைத்து வரவழைத்தோம். இதைக் கதையாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பழைய ஏற்பாட்டுச் சூசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருஷ விளைச்சலில் சேர்த்து வைத்தார். ஏழு வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள். பாரவோனுக்காவது கனவு மட்டுந்தான் வந்தது. நாமோ வெள்ளத்தையும் வறட்சியையும் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். களஞ்சியமும் நாம் கட்டவேண்டியதில்லை. நம் பாட்டன்மார் ஏரியாக வெட்டி வைத்துப் போயிருக்கிறார்கள். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கிறதென்று செய்தி வரும்போது, "எல்லாம் தொழிற்சாலைக்காரன் வேலை" என்கிறோம். தொழிற்சாலைக் கழிவு உண்டு, மெய்தான். வீட்டுக் கழிவும் உண்டு. நம் குளியலறைத் தண்ணீர் வாசலைத் தாண்டி எங்கே போகிறதென்று எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

மூன்றாவது செய்தியில் சிரிப்புக்கு இடமில்லை. 2022 டிசம்பர் 26, நம் ஆண்டவர் பிறந்த திருநாளுக்கு மறுநாள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் நோயுற்ற பிறகே அது வெளிப்பட்டது. விசாரிக்கப் போன கலெக்டர், அங்குள்ள டீக்கடையில் இரட்டைக் குவளை வழக்கம் இருப்பதையும் கண்டார். குற்றவாளி யார் என்பது கோர்ட்டுக்குப் போன விஷயம். அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல.

நம் வேலை வேறு. "நம் பக்கத்தில் அதெல்லாம் கிடையாது" என்பீர்கள். டீக்கடையில் கிடையாதுதான், அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் எல்லாரும் ஒரே மாதிரிக் கண்ணாடி கிளாசில் குடிக்கிறார்கள். வீட்டுக்குள் எப்படி? பாத்திரம் துலக்க வருகிற அம்மாளுக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறீர்கள்? அது மற்ற டம்ளர்களோடு இருக்கிறதா, அல்லது கொல்லைப்புறத்து ஜன்னலில் தனியே கவிழ்ந்திருக்கிறதா?

யாக்கோபின் கிணற்றண்டையில் சேசுநாதர் சுவாமி களைத்து உட்கார்ந்திருந்தார். யூதரும் சமாரியரும் ஒன்றாய்ப் புழங்காத காலம் அது. தண்ணீர் மொள்ள அவரிடம் பாத்திரமில்லை. அப்படியிருந்தும் அந்தச் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவளுடைய பாத்திரத்தில் குடிப்பதற்குத்தானே கேட்டார்! அவளே ஆச்சரியப்பட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆண்டவரை நன்மை வாங்கிவிட்டு, திங்கட்கிழமை தனி டம்ளரை நீட்டுகிறவன், தான் யாரை வாங்கினோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

ஆகையால் இரவில் படுக்குமுன் ஆத்தும சோதனை செய்யும்போது, காலையில் வாசித்த தலைப்புகளில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் காரியத்தில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சில நாள் ஒன்றும் இராது. சில நாள் தூக்கம் சற்றுப் பிந்தி வரும், அதுவும் நல்லதே.

இந்த வாரத்துப் பிரதிக்கினை: வடகிழக்குப் பருவமழை வருமுன் மழைநீர்க் குழியைத் தூர் வாருங்கள். உங்கள் தெருக் கழிவுநீர் எங்கே போகிறதென்று விசாரியுங்கள். வீட்டில் தனி டம்ளர் இருக்குமானால், இன்றைக்கே அதை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிடுங்கள். நாளைக்கு எடுக்கும்போது எது யாருடையதென்று உங்களுக்கே தெரியாமற் போகட்டும்.