சுவரின் ஈரம்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வயது இரண்டு. வீட்டுச் சுவர்ப் பூசணம்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. அப்பா 2017லேயே புகார் செய்திருந்தார். மேலே பெயிண்ட் அடிச்சுக்குங்க என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

என்னைத் தொந்தரவு செய்வது அந்தப் பதில்கூட இல்லை, அதற்குப் பின்னாலிருந்த நினைப்பு. சூடானிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் குளிக்கிற விதம், வாழ்கிற விதம்தான் ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டுவசதி அமைப்பு அனுமானித்துக்கொண்டது. சரி, வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். வீடென்பது வேறு எதற்கு? சோறு வடிச்சா ஆவி வரத்தான் செய்யும். குளிச்சா ஈரம் நிக்கத்தான் செய்யும். அது வெளியேற வழியில்லாத நாலு சுவருக்கு எதற்காக வாடகை வாங்கினார்கள்?

பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டுப் போகலாமே என்பார்கள். கத்தரிக்காய் சொத்தைன்னா அடுத்த கடைக்குப் போகலாம். வீடு அப்படியா? போக இடமிருப்பவன்தான் பேரம் பேசுவான். இல்லாதவன் தலையாட்டுவதைச் சம்மதமென்று எழுதிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் வீட்டின் தரத்தை ஒப்பந்தத்திடம் விடாமல் சட்டம் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 27 முதல், சமூக வீட்டுவசதி அமைப்புகள் உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும்; பெரிய அளவில் ஈரமோ பூசணமோ என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். தனியார் வீட்டுக்காரர்களை அது அன்று தொடவில்லை.