தன் கையின் அளவு

இராமேஸ்வரம் கோயில் வாசலில் பூக்காரி கையை நீட்டி முழம் போடும்போது யாரும் அளவுகோல் கேட்பதில்லை. கை பொய் சொல்லாது என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. ஆனால் அந்தக் கையைக் கண்ணுக்கு மறைத்துவிட்டால்?

2010-ஆம் ஆண்டில் லண்டனில் மாத்யூ லாங்கோ, பாட்ரிக் ஹாகார்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். கையைப் பலகைக்கு அடியில் வைக்கச் சொல்லி, விரல் நுனியும் கணுவும் எங்கே இருக்கின்றன என்று மேலே குச்சியால் காட்டச் சொன்னார்கள். புள்ளிகளைச் சேர்த்தபோது, மெய்யான கையைவிட விரல்கள் குட்டையாகவும் புறங்கை மிக அகலமாகவும் ஒரு கை உருவாயிற்று. அதே மனிதர்கள், கைப் படங்களைக் காட்டித் தங்கள் கை எது போன்றது என்று கேட்டால் ஏறக்குறையச் சரியாகவே சொன்னார்கள். தொடு உணர்ச்சிக்காக மூளை வைத்திருக்கும் படத்தின் கோணல் இது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

கையோடு போனால் கவலை இல்லை. மூக்கு பெரிது, காது பெரிது என்று கூசி, கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசை தேடும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கண்ணாடியும் உதவுவதில்லை. என்றோ வீட்டில் யாரோ விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லே பலருக்கு அளவுகோலாக நின்றுவிடுகிறது.

அப்படியானால், பிறருக்கு அவர்கள் அளவைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். சொல்லும் விதம் தெரிந்திருந்தால்.

அனுமனைப் பாருங்கள். கடலைக் கண்டு வானரங்கள் மலைத்து நின்றபோது, அவன் தன் வலிமை அறியாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகே அந்தக் கால்கள் கடலைத் தாண்டின. இராமேஸ்வரத்துத் தல வரலாற்றிலோ, அவன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. சீதை பிடித்த மணல் லிங்கத்துக்குப் பூசை நடந்திருந்தது. மனம் நொந்தவன் அதை வாலால் சுற்றிப் பிடுங்கப் பார்த்தான். லிங்கம் அசையவில்லை. முன்பு காலைக் குறைத்து மதித்தவன், இப்போது வாலைக் கூட்டி மதித்துவிட்டான்.

இராமன் சிரிக்கவில்லை. அனுமன் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூசை என்று விதித்தான். இன்றும் அங்கே விசுவநாதருக்குப் பூசை நடந்த பிறகுதான் இராமநாதருக்கு.