யாரிடமிருந்து பூட்டுகிறோம்?

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன பிறகுதான் அவருடைய பீரோவைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அப்பா போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடையில் முப்பது வருஷத்துக்கும் மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் பீரோவில் கணக்கு நோட்டு கிடைப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் இது கடைக் கணக்கு மாதிரி இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளின் அடையாளம், பக்கத்தில் ஒரு எடை. ‘மூக்குத்தி அக்கா, 4 கிலோ 712.’ ‘மேட்டுத்தெரு மூத்தவ, 7 கிலோ 305.’ மொத்தம் முப்பத்தேழு வரிகள். தேதி இல்லை, விலை இல்லை, ரகம் இல்லை.

அந்த ஆட்களை எனக்குத் தெரியும். எல்லாரும் கடைக்குக் காய் பொறுக்க வருகிற பெண்கள். மலையில் ஸ்டோரில் காயவைத்து மூட்டையாக இறங்கி வரும் ஏலக்காயைத் தரையில் கொட்டி, வெடித்த காய், நிறம் போன காய், சிறுத்த காய் என்று கையால் பிரிப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. கூலிக்குப் பொறுக்குகிறவர்களுக்குச் சொந்தமாக நாலு கிலோ காய் ஏது? குழம்பிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வரியில் ‘0 கிலோ 953’ என்று இருந்தது. எந்தக் கணக்குப்பிள்ளையும் பூஜ்யம் கிலோ என்று எழுத மாட்டார். அப்போதுதான் விளங்கியது. கிலோவுக்கு ஒரு இலக்கம், கிராமுக்கு மூன்று இலக்கம். அத்தனையும் ஏடிஎம் ரகசிய எண்கள். (இங்கே எண்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

சனிக்கிழமை சாயங்காலங்களில் அப்பா ஏடிஎம் வாசலில் நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பட்டன் அமுக்க உதவி செய்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு பெட்டகமாகவே இருந்திருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை, பயம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் தேர்வு வைப்பார்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கலாமா? கூடாது. நம்பிக்கையானவரிடம் சொல்லலாமா? கூடாது. அந்தத் தேர்வில் அப்பா பூஜ்யம் வாங்குவார். பூஜ்யம் கிலோ.

*

என் ரகசியங்கள் ஒரு ஆன்லைன் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கின்றன. நூற்றுச் சொச்சம் கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத தனித்தனி பாஸ்வேர்ட். நான் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு தாய்ச்சாவியை. இதன் அழகு என்னவென்றால், பூட்டுகிற வேலை என் கணினியிலேயே நடந்துவிடுகிறது. நிறுவனத்தின் கைக்குப் போவது பூட்டிய பெட்டி மட்டும்தான். சாவி அவர்களிடம் கிடையாது. ‘பார்க்க மாட்டோம்’ என்று அவர்கள் சத்தியம் செய்யவில்லை. ‘எங்களால் பார்க்கவே முடியாது’ என்கிறார்கள். மனிதனின் நல்ல குணத்தை நம்ப வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. இன்னொரு நன்மையும் உண்டு. வங்கியின் பெயரில் போலியாக ஒரு தளம் வந்தால் நம் கண் ஏமாந்துவிடும். முகவரி ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மேனேஜர் தானாக பாஸ்வேர்டை நிரப்பாது.

ஆனால் பெட்டியே களவு போனால்? 2022-இல் அதுதான் நடந்தது. உலகம் முழுக்கப் புழங்கிய லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் அந்த ஆகஸ்டில் ஒருவர் நுழைந்தார். டிசம்பர் 22 அன்று, வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களே எடுத்துச் செல்லப்பட்டதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டிருந்தன. ஆனால் யார் எந்தெந்தத் தளங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற முகவரிகள் பூட்டப்படாமலே கிடந்தன. திருடன் உள்ளே போன வழிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்தச் சேமிப்பகத்தின் சாவிகளை எடுக்கக்கூடியவர்கள் நிறுவனத்தில் நான்கே பேர். அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியில், படம் பார்க்கிற மென்பொருளின் ஓட்டை வழியாகப் புகுந்து, அவர் தட்டிய எழுத்துக்களை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு கணிதம் போட்டுப் பூட்டினாலும் கடைசியில் ஒரு வீடு, ஒரு ஆள், அவர் ஓய்வாகப் படம் பார்க்கிற ஒரு சாயங்காலம்.

இது புதுக் கதையும் இல்லை. கணினியில் பாஸ்வேர்ட் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் எம்ஐடியின் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட 1960-களின் தொடக்கம் அது. 1962-இலேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய இயந்திர நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்செடுத்துக்கொண்டார். ஓரிடத்தில் சேர்த்து வைத்தது ஓரிடத்திலிருந்து போகும். 

சரி, மாற்று என்ன? கீபாஸ் மாதிரி, பெட்டியை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. இணையத் திருடன் நம்மைத் தேடி வந்தாக வேண்டும். ஆனால் கணினி கெட்டுப்போய், நகலும் எடுத்து வைக்கவில்லையென்றால் எல்லாம் போச்சு. பிரவுசரே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் திறந்து கிடக்கும் மடிக்கணினியில் யார் உட்கார்ந்தாலும் பெரும்பாலான கதவுகள் திறக்கும். காகிதம்? சிரிக்க வேண்டாம். புரூஸ் ஷ்னையர் என்ற பாதுகாப்பு நிபுணர் 2005-இலேயே, நல்ல பாஸ்வேர்டாக வைத்து அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று சொன்னார். துண்டுக் காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாம் என்பது அவர் வாதம். வெளிநாட்டுத் திருடனால் என் பீரோவுக்குள் கைவிட முடியாது. வீட்டிலிருக்கிறவர்களால் முடியும்.

ஆக ஒவ்வொரு பூட்டும் யாரோ ஒருவருக்கு எதிராகத்தான் நல்ல பூட்டு. யார் அந்த ஒருவர் என்று கேட்காமல் ‘எது நம்பகமானது’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தத் தேர்வும் இல்லை, நோட்டில் இருந்த ஒரு பெரியம்மா.

*

நோட்டைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்து, ஒவ்வொருவராகப் பார்க்கப் போனேன். இப்போது பலர் கடையில் இல்லை. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போய்விட்டு இருட்டிய பிறகு இறங்குகிறவர்கள். வளைவு வளைவாக ஏறி இறங்கிய களைப்போடு இருந்த அந்தப் பெரியம்மாவிடம், “ஏன் பெரியம்மா, நம்பரை அப்பாகிட்டப் போய்க் கொடுத்தீங்க? வீட்லயே எழுதி வச்சிருக்கலாம்ல?” என்றேன்.

“வீட்ல வச்சாத்தானய்யா களவு போகும்” என்றார்.

அவர் வீட்டுக்காரர் குடிப்பவர். மகனும் கேட்டுத் தொந்தரவு செய்வான். உண்மையாகவே மறந்துபோனால்தான் அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாது. அதனால் கார்டு அவரிடம், எண் அப்பாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பணம். என் அலுவலகத்தில் இரட்டை அடுக்குப் பாதுகாப்பு என்று படம் போட்டு விளக்குவதை, ரஷ்யத் திருடனைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவர் தன் வீட்டுத் திருடனுக்கு எதிராகத் தானே கண்டுபிடித்திருக்கிறார். நம் பாதுகாப்பு அறிவுரைகள் எல்லாம் வீடு பத்திரமானது, வெளியாள் ஆபத்தானவன் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அவருக்கு அது தலைகீழ்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் தொடங்கியது. அதோடு ரூபே கார்டும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கைகளுக்கும் நான்கு இலக்க ரகசியம் ஒன்று வந்து சேர்ந்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. நல்ல விதி. ஆனால் ரகசிய விவரங்களைப் பகிர்ந்துகொண்டது போன்ற வாடிக்கையாளரின் அலட்சியத்தால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு நஷ்டமும் அவருடையது. நோட்டில் இருந்த இன்னொரு அக்கா, அப்பாவிடம் வருவதற்கு முன் வேறொருவரிடம் கார்டைக் கொடுத்து ஒரு சீசன் கூலியை இழந்தவர். வங்கியில் கேட்ட முதல் கேள்வி, “நம்பரை ஏம்மா சொன்ன?” அத்தோடு விசாரணை முடிந்தது.

வங்கியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. யாரிடம் சொன்னாய் என்று தெரியாமல் யார் பொறுப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் அந்தச் சொல் உறுத்துகிறது. அலட்சியம் என்பது அக்கறை இல்லாமை. பெரியம்மா செய்தது அக்கறையின் உச்சம். வேறு வழியே இல்லாதவர் யோசித்து வைத்த நம்பிக்கையையும், போகிறபோக்கில் சொல்லிவிட்ட கவனக்குறைவையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

*

இங்கே நிறுத்தினால் இது அப்பாவுக்கான புகழ்மாலையாகிவிடும். அப்படி முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் ஏலம் என்றால் இரண்டு அர்த்தம். காயும் ஏலம், விற்பதும் ஏலம். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் மின் ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு கூவிக் கேட்பது போய்த் திரை வந்தது. அப்பா அதைப் பற்றி, “முன்னாடி ஆளைப் பாத்து நம்பினோம், இப்ப ஆளு தேவையில்ல” என்பார், கொஞ்சம் வருத்தமாக. ரகசியம் என்பது ஆளுக்கு ஆள் நடப்பது என்று நினைத்த தலைமுறை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களின் உலகம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லுக்கு நன்னூல் குழூஉக்குறி என்று பெயரே வைத்திருக்கிறது. அப்பாவின் கிலோவும் கிராமும் அந்த வகைதான்.

ஆனால் ஆளை நம்புவதில் உள்ள சிக்கல், அந்த ஆள் உள்ளே என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கனடாவில் குவாட்ரிகா என்ற கிரிப்டோ சந்தையை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும், வாடிக்கையாளர்களின் பணம் அவரோடு பூட்டிக்கொண்டது என்று உலகமே பேசியது. பிறகு பார்த்தால் பெட்டிகளில் பெரும்பாலானவை காலி. நஷ்டத்துக்குப் பெருமளவு காரணம் அவருடைய மோசடிதான் என்று 2020-இல் ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் சொன்னது. சாவி தொலைந்துவிட்டது என்ற கதையே பணம் தொலைந்ததை மறைத்து வைத்திருந்தது.

அப்பா காட்டன் இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வழியே இல்லாமல்தான் நம்பினார்கள். அவர் நல்லவராக இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். அடுத்தவருடைய அதிர்ஷ்டத்தை ஒரு ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: உதவ முடிகிறவனால்தான் திருடவும் முடியும். பெரியம்மா எண்ணை மறந்தால் அப்பாவால் எடுத்துச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவருக்குத் தெரியும். தெரிந்ததால் எடுத்துக்கொள்ளவும் முடிந்திருக்கும். என் மேனேஜர் நிறுவனத்தால் திருட முடியாது. அதே காரணத்தால், நான் தாய்ச்சாவியை மறந்துவிட்டு வாசலில் நின்று அழுதாலும் அவர்களால் உதவ முடியாது. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது. எதை இழக்கத் தயார் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

என் வீட்டிலேயே இரண்டும் இருக்கின்றன. யார் எடுத்தாலும் படித்துவிடக்கூடிய நோட்டு. பக்கத்தில் யாராலும் திறக்க முடியாத அப்பாவின் போன். ஊர்ப் பெண்களின் எண்களையெல்லாம் காத்தவர் தன் எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்பது அதிலிருக்கும் வங்கி விவரத்தை இல்லை. பேத்தி பிறந்த அன்று அவர் எடுத்த படங்களை.

*

முப்பத்தேழு பேரில் நான்கு பேர் உயிரோடு இல்லை. மற்றவர்களோடு ஒவ்வொரு சனிக்கிழமையாக ஏடிஎம்முக்குப் போனேன். எண்ணை மாற்றச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் அமுக்கும்போது வெளியே தெருவைப் பார்த்து நின்றேன். சிலர் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். “அப்பா மாதிரி நீயும் வச்சுக்கய்யா” என்றார்கள். மறுத்தேன். நான் யோக்கியன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரியாமலே நம்பச் சொல்வது சரியில்லை என்று பட்டது. மறுத்தபோது ஒரு அக்காவின் முகம் சுருங்கியதையும் பார்த்தேன். அவருக்கு அது பாதுகாப்பாகத் தெரியவில்லை, கைவிடுவதாகத் தெரிந்தது. அது தவறு என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

பெரியம்மாவிடம் மட்டும் காகிதம் செல்லாது, வீட்டில் வைக்க முடியாது. “எடையா நெனச்சு வச்சுக்கங்க பெரியம்மா, கிலோ, கிராம்னு” என்றேன். வாழ்நாள் முழுக்க எடையைக் காதில் கேட்டவர். உதடு மட்டும் அசைய இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடித்துக் கேட்டால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை.

அன்று இரவு என் தாய்ச்சாவியைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, தங்கையிடம் கொடுத்தேன். அலுவலகத் தேர்வில் இது தவறான விடை. அப்பாவின் போனை மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, அணைத்து, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைக்கிறேன். நோட்டு இருந்த இடத்தில்.