உப்புப் பாடமும் ஞானோபதேசமும்



இரும்பையிலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலைக்கு வந்து, வடக்கே மரக்காணத்தை நோக்கிச் செல்பவர் எவரும் சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைப் பாராமல் போக முடியாது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடைப்பது அரிது.

பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசத்தைத் தனி மணி நேரத்தில் அடைத்து வைக்காமல், மற்றப் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கலாகாதா என்ற கேள்வி நம் ஆசிரியர்களிடையே அடிக்கடி எழுகிறது. நல்ல கேள்விதான். மணி அடித்ததும் சர்வேசுரனைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, விஞ்ஞானப் புத்தகத்தை வெளியே எடுக்கும் பிள்ளை, இரண்டும் இரண்டு உலகம் என்று எண்ணிக்கொண்டே வளருகிறான். பன்னிரண்டு வயதில் அப்படி எண்ணுகிறவன், இருபது வயதில் அவற்றில் ஒன்றை விட்டுவிடுவான். எதை விடுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உப்பை எடுத்துக்கொண்டு ஒரு வாரப் பாடம் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். விஞ்ஞான ஆசிரியர் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருப்பதையும், அதில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குமேல் நாம் உண்ணும் உப்பு என்பதையும் சொல்வார். பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். அதற்குப் பின்னரே உப்பு பூக்கும். மெக்னீசியம் கலந்த கசப்பு நீர் கடைசியில் மிஞ்சும். பூகோள ஆசிரியர் வடகிழக்குப் பருவமழை வந்தால் அளத்தில் வேலை நின்றுவிடுவதைச் சொல்வார். சரித்திர ஆசிரியருக்கு 1930-ம் ஆண்டு இருக்கிறது. ராஜாஜி ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வேதாரண்யம் சேர்ந்து, 30-ம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். தமிழாசிரியர் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் பழமொழியில் தொடங்குவார். வள்ளுவரும் உப்பை உவமை சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஊடலைப் பற்றிய குறளாதலால், ஏழாம் வகுப்பில் அதைத் தொடாமல் நகர்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன்!

ஞானோபதேச ஆசிரியருக்கோ விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. காணிக்கை ஒவ்வொன்றிலும் உப்பைச் சேர்க்கும்படி லேவியர் ஆகமம் கட்டளையிடுகிறது. நம் பாட்டன் பாட்டிமார் குழந்தைகளாய் ஞானஸ்நானம் பெற்றபோது, குருவானவர் அவர்கள் நாவில் சிறிது உப்பு வைத்தார். 1969-ல் திருத்தப்பட்ட சடங்கு முறையில் அது விடப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேசுநாதர் தம் சீடரைப் பூமியின் உப்பென்று அழைத்து, உப்பு சாரமற்றுப் போனால் எதனால் அதற்குச் சாரமேற்றுவது என்று கேட்ட மலைப்பிரசங்கம் இருக்கிறது.

இங்கேதான் முதல் சிக்கல் வரும். காலையில் விஞ்ஞானம் கற்ற பையன், மத்தியானம் கையைத் தூக்குவான். “சார், உப்பு கெட்டுப் போகாதென்று காலையில் சொன்னார்களே, அது எப்படிச் சாரமற்றுப் போகும்?” என்பான். அளத்து வேலை செய்பவரின் மகனாயிருந்தால் நிச்சயமாய்க் கேட்பான். அம்பாரத்தை ஓலையால் மூடி எத்தனை மாதம் வைத்திருந்தாலும் உப்பு உப்பாகவே இருப்பதை அவன் வீட்டிலேயே பார்த்திருக்கிறான்.

அந்த நேரத்தில் ஆசிரியர் செய்வதைப் பொறுத்தே இணைப்புப் பாடம் முழுவதும் நிற்கும் அல்லது விழும். “வேதத்தில் கேள்வி கேட்கக்கூடாது, உட்கார்” என்றால் இரண்டு பாடமும் அன்றோடு தோற்றுப் போயின. மாறாக, அக்காலத்து உப்பு நம் கடை உப்புப்போல் சுத்தமானதன்று, மண்ணும் ஜிப்சமும் கலந்தது, ஈரம் பட்டால் மெய்யான உப்பு முதலில் கரைந்தோடிவிடும், பார்வைக்கு உப்பைப்போன்ற ருசியற்ற வெள்ளைப் பொருளே மிஞ்சும் என்று உரைகாரர் சிலர் விளக்குவதைச் சொல்லலாம். நடவாத காரியத்தையே ஆண்டவர் வேண்டுமென்று சொன்னார், கேட்பவர் திடுக்கிட வேண்டுமென்று சொன்னார் என வேறு சிலர் கூறுவதையும் மறைக்காமல் சொல்லலாம். பிறகு பாத்தியின் அடியில் படிந்த ஜிப்சப் பொருக்கைப் பிள்ளையின் நாவில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அவன் கேள்வி விஞ்ஞானத்தையும் கெடுக்கவில்லை, வேதத்தையும் கெடுக்கவில்லை. இரண்டையும் மெய்யாகவே இணைத்தவன் அவன்தான், நமது குறிப்பேடு அல்ல.

இவ்வளவும் ஆசிரியரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. இனி வருவது அதைவிடக் கனமானது. என் மனத்தை வெகுநாளாக உறுத்துவதும் அதுதான்.

நம் பள்ளிகளில் ஒரே பெஞ்சியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். வழக்கமாக என்ன செய்கிறோம்? ஞானோபதேச மணி வந்ததும் நம் பிள்ளைகள் ஓர் அறைக்கும், மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்கும் போகிறார்கள். இந்தப் பிரிவினை அழகானதல்ல என்று பலர் குறைப்படுவதுண்டு. நானும் குறைப்பட்டிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மற்றப் பிள்ளைக்கு வெளியே போக ஒரு கதவு இருக்கிறது. ஞானோபதேசத்தை விஞ்ஞான மணியிலும் சரித்திர மணியிலும் தமிழ் மணியிலும் பரப்பிவிட்டோமானால் அந்தக் கதவு எங்கே, வாசகரே? விஞ்ஞான வகுப்பை விட்டு எந்தப் பிள்ளை எழுந்து போக முடியும்?

1950-ல் அமுலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 28-வது விதி இதை அறிந்தே எழுதப்பட்டது. அரசு அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் பள்ளியில் படிக்கும் எவரையும், சம்மதமின்றி மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யலாகாது, சிறுவராயின் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. விசுவாச விஷயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமே 1965 டிசம்பர் 7-ல் வெளியிட்ட மதச் சுதந்தர அறிக்கையில் திட்டமாய்ப் போதித்திருக்கிறது. கட்டாயம் என்றால் பிரம்பு எடுப்பது மட்டுமன்று. கதவில்லாத அறையும் கட்டாயமே.

இதைத் திருப்பிப் பாருங்கள். நம் பங்குப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பஞ்சாயத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே கணக்கு வகுப்பிலோ விஞ்ஞான வகுப்பிலோ ஆசிரியர் தம் தெய்வத்தை வணங்கச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? அடுத்த நாளே தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்போம். அந்த நியாயம் மற்றவர் பிள்ளைக்கும் உண்டு.

அப்படியானால் இணைப்புப் பாடமே வேண்டாமா? அவ்விதம் நான் சொல்லவில்லை. அறிவதற்கும் விசுவசிப்பதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. கத்தோலிக்கக் கல்விக்கான ரோமைச் சபை 1988-ல் பள்ளிகளுக்கு விடுத்த ஏட்டிலேயே சமய அறிவைப் புகட்டும் பாடம் வேறு, விசுவாச வாழ்வில் வளர்க்கும் ஞானோபதேசம் வேறு என்று பிரித்துக் காட்டியுள்ளது. மதங்களைப் பற்றிக் கற்பிப்பது சாசனம் தடுக்கும் மதபோதனை ஆகாது என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறு நூல், இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் புத்தகம். அது ஒரு ஞானோபதேசப் புத்தகமும் ஆகும். சரித்திர ஆசிரியர் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தயக்கமின்றிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதிலுள்ளதை விசுவசிக்கச் சொல்வது வேறு மணியில், வேறு அறையில், தாய் தகப்பன் அறிய நடக்க வேண்டிய காரியம்.

கோடு போட்டால் அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். இரும்பைப் பிள்ளை ஒருவன் வகுப்பிலிருந்தால், தன்னூர் மாகாளேசுவரர் கோயிலை அவன் பேசாமல் இருப்பானா? திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. கடுவெளிச் சித்தரை ஊரார் கேலி செய்ததையும், அவர் மனம் நொந்து பாடியபோது லிங்கம் பிளந்ததையும், பிளந்த லிங்கம் செப்புத் தகட்டால் பொருத்தப்பட்டிருப்பதையும் அவன் தன் பாட்டி சொன்னபடியே சொல்வான். சொல்லட்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். நம் பிள்ளைகளும் கேட்கட்டும். அது நடந்ததா இல்லையா என்ற விவகாரம் அந்த வகுப்பின் வேலையன்று. நல்லவனொருவனைக் கூட்டம் சேர்ந்து பரிகசித்தால் என்ன ஆகும் என்பது அக்கதையில் இருக்கிறது. பாடுகளின் சரித்திரத்தை அறிந்த பிள்ளைக்கு அது புரியாமல் போகாது. அவன் கதையைக் கேட்கப் பொறுமையில்லாத ஆசிரியருக்கு அவனிடம் மலைப்பிரசங்கத்தைச் சொல்ல என்ன உரிமை?

கணக்கு ஆசிரியரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். பெரும்பாலும் இத்திட்டங்களில் அவரைத்தான் மறப்பார்கள், அல்லது சிலுவைக்கு எத்தனை முனை என்று எண்ணச் சொல்லி அவமானப்படுத்துவார்கள். உப்பு வாரத்தில் அவருக்குத்தான் பெரிய பங்கு. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். 5,000-ஐ 92-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 55 ரூபாயும் தேறாது. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு என்ன வரும்? கொடுப்பதைக் குறை சொல்வதற்கல்ல. ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் அது வந்தது. ஆனால் இந்த வகுத்தலைப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு நம் பிள்ளைகள் ஞானோபதேச அறைக்கு வரும்போது, அறுத்தவனுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறதென்று அர்ச். இயாகப்பர் எழுதியதைப் படிக்கட்டும். சிக்கனமாய் வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலி நியாயமான கூலியாகாது என்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதிய நிருபத்தையும் சொல்லலாம். நன்னெறி வகுப்பிலுள்ள பிள்ளைகளும் இதே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத் தங்கள் வழியில் பேசுவார்கள். மறுநாள் இரு சாராரும் ஒரே பெஞ்சியில் சந்திக்கும்போது அவர்களுக்குள் பேசிக்கொள்ள விஷயம் இருக்கும். நம்முடைய வீட்டு உப்பு எந்த அளத்திலிருந்து வருகிறது, வாரிய கைக்கு என்ன கிடைத்தது என்று ஒரு பிள்ளை வீட்டில் கேட்டால், வாசகரே, பதிலுக்கு ஆயத்தமாயிருங்கள்.

பிள்ளைகளை அளத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தை பிறந்து, தரை காய்ந்து, உப்பு வாரத் தொடங்கியபின் போங்கள். அளக்காரரிடம் முன்கூட்டியே உத்தரவு கேளுங்கள். விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். உப்பின் மீது படும் வெயில் கண்ணைக் கூச வைக்கும், அங்கே வேலை செய்பவர் அதை வருஷக்கணக்காய்ச் சகிக்கிறார். வரப்பில் நின்று பிரசங்கம் வேண்டாம். பலகை பிடித்து உப்பு வாரும் அம்மாளை இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். அதற்குமேல் அவரை நிறுத்தி வைக்காதீர்கள். கூலி அன்றைய வேலைக்குத்தான்.