"அங்க மழையா?"

2023 மார்ச் மாதம் முதல் வாரம். யோங் பெங்கில் இருக்கும் என் தோழி புலனத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "இங்க மழை விடவே இல்லடி." நான் ஸ்கூடாயில், விடுதி அறையில், மறுநாள் கொடுக்க வேண்டிய ஓர் ஒப்படைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுத் திரும்பவும் மடிக்கணினியைப் பார்த்தேன். பதில் போட்டாயிற்று, கடமை முடிந்தது.

அந்த ஒப்படைப்பு எதைப் பற்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆற்று நீர்மட்டத்தை அளக்கும் உணரிகள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோபஞ்சிர்' பக்கம் என் திரையில் திறந்தே இருந்தது. ஒவ்வோர் ஆற்றுக்கும் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள். யோங் பெங் பக்கம் இறங்கி வரும் பெக்கோக் ஆற்றின் கோடு ஏறிக்கொண்டே போனது. "நல்ல கிராஃப் கிடைச்சுது" என்று அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் என் தோழியின் வீடு இருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை.

டிசம்பர், ஜனவரியோடு பருவமழை முடிந்துவிடும் என்றுதான் நாம் எல்லாரும் நினைப்போம். அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் பிடித்த மழை சிகாமட், லாபிஸ், குளுவாங், பத்து பகாட் என்று ஜொகூரையே முக்கி எடுத்தது. துயர் துடைப்பு மையங்களில் இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் ஜொகூரில் மட்டும் 50,000 பேரைத் தாண்டினார்கள். என் தோழியும் அவளுடைய பெற்றோரும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரு பள்ளி மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று மூன்று நாள் கழித்து வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதறிப்போய் அழைத்தேன். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மழை விடலன்னு சொன்னேன்ல."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நான் செய்தது தப்பா? என் அண்ணனிடம் கேட்டேன். "உதவி வேணும்னா நேரா கேட்டிருக்கணும். நீ என்ன ஜோசியக்காரியா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. அவள் அந்த வரியை அனுப்பிய நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அவளுக்கே அது வெறும் மழைதான். நான் உடனே அழைத்திருந்தாலும் பெக்கோக் ஆறு என் பேச்சைக் கேட்டுத் திரும்பியிருக்காது. ஸ்கூடாயிலிருந்து படகு ஓட்டிக்கொண்டு நான் போயிருக்கவும் முடியாது. விளைவை மட்டும் பார்த்தால் என் அலட்சியத்தால் ஒரு பாயைக்கூட அவள் இழக்கவில்லை. யாருக்கும் எதுவும் கெடவில்லை என்றால் அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? பல நாள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சாக்கும் என்னிடம் இருந்தது. திருக்குறளில் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, இருபதாவது அதிகாரம். சமய வகுப்பில் எங்களை அதட்ட ஆசிரியர் அடிக்கடி எடுக்கும் ஆயுதம் அது. மழை, வெயில், சாப்பிட்டியா, அம்மா என்ன சமைச்சாங்க — இந்தப் பேச்செல்லாம் பயனில்லாத சொல்தானே? ஒரு நாளைக்கு இருநூறு செய்தி வருகிறது. காலையில் முருகன் படத்தோடு வரும் 'இனிய காலை வணக்கம்' மட்டுமே இருபது. எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினால் பட்டம் வாங்கின மாதிரிதான்.

இதற்குப் பதில் எனக்கு என் பாட்டியிடமிருந்து கிடைத்தது. பாட்டி குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் சீவியவர். யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் முதல் கேள்வி "அங்க மழையா?" என்பதுதான். வேறு பேச்சுத் தெரியாதவர் என்று பேரப்பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம். வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு நாள், "ஏன் பாட்டி எப்பப் பாத்தாலும் மழையையே கேக்குறீங்க?" என்றேன்.

பாட்டி விளக்கினார். விடியுமுன்னே, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போக வேண்டும். ராத்திரி மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால், சீவின வெட்டில் பால் நேராக இறங்காது, மரம் முழுக்க வழிந்து வீணாகும். சீவி முடித்தபின் மழை வந்தால் கோப்பையில் தண்ணீர் விழுந்து பால் கெடும். மரம் காயவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. "மழையான்னு கேட்டா, இன்னிக்கு உங்க வூட்டுல அடுப்பு எரியுமான்னு கேக்குறதுதான். அத எப்படி நேரா கேக்குறது? மானம் போயிடாது?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. லயத்து வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து அவர்கள் பேசிய 'சும்மா பேச்சு' எல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறது. "கொழம்பு என்ன?" என்றால் அரிசி, பருப்பு இருக்கிறதா என்று அர்த்தம். "புள்ள தூங்குதா?" என்றால் காய்ச்சல் இறங்கியதா என்று அர்த்தம். கேட்கிறவர் மானத்தையும் சொல்கிறவர் மானத்தையும் காப்பாற்ற, பெரிய விஷயத்தைச் சின்ன வார்த்தைக்குள் மடித்து வைத்தார்கள். கேட்டவர் பிரித்துப் படித்தார். மறுநாள் ஒரு படி அரிசி, கேட்காமலே வந்து சேர்ந்தது. பாட்டி இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "அப்ப அப்படித்தான்" என்றார்.

அந்த மொழியில்தான் என் தோழியும் எழுதியிருக்கிறாள். அதைப் படிக்கத் தெரியாதவளாக நான் வளர்ந்திருக்கிறேன்.

பொறியியல் படிக்கிறவள் என்பதால் இதை என் பாடத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 1948இல் கிளாட் ஷேனன் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, எதிர்பார்த்தபடியே நிச்சயமாக வரும் செய்தியில் தகவல் என்று ஒன்றும் இல்லை. அதன் அளவு பூஜ்யம். தினமும் வரும் "சாப்பிட்டியா?" அந்தக் கணக்கில் பூஜ்யம்தான். ஆனால் தொலைவில் இருக்கும் உணரிக் கருவிகளை வைத்து வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் செய்வார்கள். "நான் இருக்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றுமே சொல்லாத ஒரு சின்னத் துடிப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி கருவியை அமைப்பார்கள். இதயத்துடிப்பு என்றே அதற்குப் பெயர். அது வரும்வரை யாரும் கவனிப்பதில்லை. நின்றால்தான் மணி அடிக்கும். நண்பர்களுக்குள் ஓடும் மழை, வெயில் பேச்சும் அப்படி ஒரு துடிப்புதான். ஒரே ஒரு வித்தியாசம். கருவியின் துடிப்பை எண்ணினால் போதும், மனுஷரின் துடிப்பில் குரல் மாறினால் தெரிய வேண்டும். "மழை பெய்யுது" என்பதற்கும் "மழை விடவே இல்லடி" என்பதற்கும் நடுவில் ஒரு பயம் இருக்கிறது. நான் அந்த 'விடவே'யைப் படிக்கவில்லை.

நம் சமயம் இந்த வீட்டுப் பேச்சை மட்டமாக நினைத்ததா என்றால், சுந்தரரைப் பாருங்கள். தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கியவர். சைவ சித்தாந்தம் சொல்லும் நான்கு நெறிகளில் தோழமை நெறிக்கு அவரைத்தான் காட்டுவார்கள். அந்தத் தோழமையில் அவர் என்ன பேசினார்? குண்டையூரில் கிடைத்த நெல்மலையைத் திருவாரூருக்குத் தூக்கிப்போக ஆள் இல்லை, வீட்டில் பரவை வாடுகிறாள் என்று கோளிலி பெருமானிடம் முறையிட்டார். மனைவி கோபித்துக் கதவடைத்தபோது சிவனையே நடு ராத்திரியில் தூது அனுப்பினார். அதுவும் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! நெல்லும் மனைவியின் கோபமும் இறைவனிடம் பேசத் தகாத விஷயம் என்று அவர் நினைக்கவே இல்லை. கேட்டவரும் அலுத்துக்கொள்ளவில்லை.

குசேலர் இதற்கு நேர் எதிர். வீட்டில் பிள்ளைகள் பட்டினி. துவாரகை வரை நடந்து போகிறார். ஆனால் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கந்தையில் முடிந்த அவலைக்கூட வெட்கப்பட்டு மறைக்கிறார். கண்ணன்தான் "எனக்கு என்ன கொண்டுவந்தாய்?" என்று பிடுங்கித் தின்கிறான். சின்ன வயதில் இதை ஏழை பணக்காரர் ஆன கதையாகவே கேட்டேன். இப்போது எனக்கு அந்தக் கேள்வியும் பிடுங்கலும்தான் முக்கியமாகப் படுகிறது. சொல்லாததை அந்த முடிச்சில் கண்ணன் படித்துவிட்டான். நம்மில் சுந்தரர் மாதிரி உரிமையோடு கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் குசேலர் கட்சி. அண்ணன் சொன்ன "நேரா கேட்டிருக்கணும்" என்ற சட்டம் குசேலர்களுக்கு உதவாது.

அதற்காக இருநூறு செய்திக்கும் பதில் எழுது என்று நான் சொல்ல வரவில்லை. நானே எழுதுவதில்லை. முருகன் படம் அனுப்பும் மாமாவுக்கு இன்னும் கட்டைவிரல்தான் (மன்னிக்கவும் மாமா). அந்தப் படம் நூறு பேருக்குப் போனது. அதில் மாமாவின் வீடு இல்லை. "பாட்டிக்கு இருமல்", "அப்பா இன்னிக்கு வேலைக்குப் போகல", "மழை விடல" — இதில் ஒரு வீடு இருக்கிறது. எனக்கென்று ஒருத்தி அதன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறாள். உள்ளே போகத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "வீட்டுப் பக்கம் தண்ணி வந்துருச்சா?" என்று வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாலு சொல்.

ஆனால் திறந்த கதவு ஆபத்தும்கூட. தோழி சொன்ன வீட்டுச் செய்தியை இன்னொருத்தியிடம் கொண்டுபோனால் அது வேறொன்றாகிவிடும். பயனில சொல்லாமைக்கு முந்தைய அதிகாரம் புறங்கூறாமை என்பதை அந்த ஆசிரியர் ஏனோ எங்களுக்கு அவ்வளவாகச் சொல்லவில்லை. இது தனியே எழுத வேண்டிய விஷயம், விட்டுவிடுகிறேன்.

திரும்பவும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். யாருக்கும் எதுவும் கெடவில்லையே, பின் என்ன தவறு? போன வருஷம் தோழியிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு ராத்திரி பாட்டியத் தூக்கிட்டு லாரியில ஏறினோம். மண்டபத்துல தூக்கம் வரல. கைப்பேசியப் பாத்தேன். உன் கட்டைவிரல் மட்டும் இருந்துச்சு. மழை விடலன்னு சொன்னதுக்கு, சூப்பர்னு சொன்ன மாதிரி இருந்துச்சுடி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரவு அவள் தனியாக இருந்தாள் என்பது உண்மை. வெள்ளம் அவளைத் தனியாக்கவில்லை. மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். கெட்டது என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாட்டி கூப்பிட்டார். வழக்கமான கேள்விதான். "இங்க நல்ல வெயில் பாட்டி. அங்க?" என்றேன். அங்கே விடிந்ததிலிருந்து தூறலாம். வாசல் முருங்கை சாய்ந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக் கோழி மூன்று குஞ்சு பொரித்திருக்கிறதாம். நான் அவசரப்படுத்தவில்லை. குஞ்சுகளின் நிறம்கூடக் கேட்டேன். இருபது நிமிஷம் கழித்து, போனை வைக்கப் போகும்போது, ராத்திரியில் முழங்கால் வலியால் நாலு நாளாகத் தூக்கமே இல்லை என்றார். சனிக்கிழமை காலை பேருந்தில் குளுவாங் போகிறேன்.