பிள்ளைக்கு என்ன பெயர்?



பிறந்த குழந்தைக்குப் பிதாமாதாக்கள் கொடுக்கும் பாலும் துணியும் சில நாளில் தீர்ந்துபோகும். பெயரோ கல்லறை மட்டும் கூடவே வரும். அதை வேண்டாமென்று சொல்லக் குழந்தைக்கு வாயில்லை. ஆகையால், ஆண் பிள்ளைக்குப் பெயரிடுகையில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நியாயம்: இது பிள்ளைக்காகவா, நம் பெருமைக்காகவா?

நம் திருத்தணியில் மலையின் பெயரே மனிதர் பெயராயிற்று. தணிகாசலமும் தணிகைவேலும் இல்லாத தெரு இல்லை. 1960-ல் இவ்வூர் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆயினும் இரண்டு பாஷைகளின் வழக்கமும் இங்கே உண்டு. தமிழர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைப்பார்கள். தெலுங்கர் வீட்டுப் பெயரை வைப்பார்கள். 1888-ல் இங்கே பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன் நிற்கும் சர்வேபள்ளி, அவர் முன்னோர் ஊரின் பெயரே.

நம் முன்னோர் அர்ச்சியசிஷ்டவர்களின் பெயர்களைப் பொருளறிந்து தமிழாக்கினார்கள். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவன். அவர் நமக்குச் சின்னப்பரானார். யோவான் என்றால் கடவுள் அருள்கூர்ந்தார், அவர் அருளப்பரானார். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ராயி என்றால் கல். எல்லையோரத்துக் காதுக்கு இராயப்பர் என்னும் பெயரில் அந்தக் கல் கேட்கிறதன்றோ? லாசர் என்றால் தேவன் சகாயம் செய்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்று அப்பெயரைத் தாங்கினார். 1752-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார்.

நல்ல பொருள் இருந்தால் போதுமா? யூதா என்றால் துதி. அதைவிட உயர்ந்த பொருள் ஏது? பன்னிரு அப்போஸ்தலரில் இருவருக்கு அப்பெயர். ஒருவன் ஆண்டவரை முப்பது வெள்ளிக்காசுக்கு விற்றான். மற்றவர் யூதா ததேயு. இக்கட்டு வேளையில் நாம் மன்றாடி அழைக்கும் அர்ச்சியசிஷ்டவர். பெயர் ஒன்று, நடத்தை இரண்டு. பெயரின் பொருளைப் பெற்றோர் கொடுக்கலாம். நிறைவேற்ற வேண்டியவன் பிள்ளை.

அப்படியானால் எந்தப் பெயரானால் என்ன என்று சிலர் கேட்கலாம். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார், பிழைத்தவனுக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்டார்கள். இழிந்த பெயர் கேட்டுச் சாவு விலகிப்போகும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை நமக்கு ஆகாது. ஆனால் அப்பெயரில் இருந்தது குப்பையல்ல, ஒரு தாயின் தவிப்பு. இக்காலத்திலோ எண் கணிதம் பார்த்து, எழுத்தைக் கூட்டிக் குறைத்து, பொருளறியாத ஓசையைப் பெயராக வைக்கிறவர்கள் உண்டு. "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று நாளைக்கு மகன் கேட்டால், கூட்டுத்தொகை சரியாக வந்தது என்றா சொல்வது?

1917-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயரே வைக்கச் சொன்னது. பெற்றோர் இசையாவிட்டால் குருவானவர் ஓர் அர்ச்சியசிஷ்டவரின் பெயரைச் சேர்க்கவேண்டும். 1983-ம் வருஷத்துச் சட்டத்தின் 855-ம் விதியோ, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயரை மட்டுமே விலக்குகிறது. அன்பழகன், அறிவுடைநம்பி என்று நல்ல தமிழ்ப் பெயர் வைக்கத் தடையில்லை. சுதந்திரம் பெருகியபோது பொறுப்பும் பெருகியது.

தேவசகாயம் என்று மகனுக்குப் பெயரிட்டுவிட்டு, வாசலில் நிற்கும் ஏழையைத் தகப்பன் விரட்டினால், மகன் அப்பெயருக்கு எந்தப் பொருளைக் கற்றுக்கொள்வான்? பெயரிடுவது பெற்றோர் செய்யும் வாக்குத்தத்தம். பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத்தக்க காரணத்தோடு பெயர் வையுங்கள். அந்தக் காரணத்தைப் பிள்ளை நம்பும்படி வீட்டில் நடந்துகொள்ளுங்கள்.